கேம் டேபிள்ல ரூல் பஞ்சாயத்து வந்தா எப்படி தீக்கறது: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆடறவங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கேரக்டரா பேசி, டைஸ் உருட்டி கதை ஓட்டற கேம்) ஆட அஞ்சாறு பேர ஒரு எடத்துல சேக்கறதே நம்ம பக்கம் பெரும்பாடு. ஒருத்தருக்கு ஓசூர் கம்பெனில ஷிஃப்ட், ஒருத்தர் பாலக்கோட்ல இருந்து பஸ் புடிச்சு வரணும், காவேரிப்பட்டணத்துக்காரர் மாங்கா சீசன் வந்துட்டா மண்டிய விட்டு நகரவே மாட்டாரு. அப்படி அடிச்சு புடிச்சு உக்காந்த ஞாயித்துக்கெழமை மத்தியானத்துல "அந்த ஸ்பெல் (மந்திரம்) அப்படி வேலை செய்யாதுடா", "செய்யும்ணா புக்லயே இருக்கு"ன்னு முக்கா மணி நேரம் போச்சுன்னா மிச்சம் நாலு பேரும் போன எடுத்து ரீல்ஸ் பாக்க ஆரம்பிச்சுடுவாங்க, அதுக்கப்புறம் டிராகனே வந்து நின்னாலும் யாரும் தலைய தூக்க மாட்டாங்க.

இந்த வழிகாட்டி டிஎம்முக்கு (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்த நடத்தறவர்) மட்டும் இல்ல, பிளேயருக்கும் தான். என் அனுபவத்துல ரூல் சண்டைன்னு ஆரம்பிக்கறதுல பெரும்பாலானது ரூல் சண்டையே கெடையாது. ரெண்டு பேரும் மனசுல வேற வேற படம் ஓட்டிட்டு இருக்காங்க, அவ்ளோதான். அதனால புக்க தொறக்கறது இங்க ரெண்டாவது வேலை தான், மொத வேலை வேற.

ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி: எந்த புக்கு?

இத மொதல்லயே பேசிடுங்க. அஞ்சாவது எடிஷன்லயே 2014 புக்கு ஒண்ணு, திருத்தி வந்த 2024 புக்கு ஒண்ணு. அட்டைய பாத்தா அண்ணன் தம்பி மாதிரி தான் இருக்கும், ஆனா உள்ள நெறைய எடத்துல மாறிடுச்சு. ஹீலிங் போஷன் குடிக்க 2014ல முழு ஆக்‌ஷன் (அந்த டர்னோட முக்கிய வேலை) போயிடும், 2024ல கூடுதலா கெடைக்கற சின்ன வேலையான போனஸ் ஆக்‌ஷன் போதும். எதிரிய அசந்த நேரத்துல தாக்குனா 2014ல அவனுக்கு மொத டர்ன்ல நகரவும் முடியாது, ஆக்‌ஷனும் கெடையாது, 2024ல இனிஷியேட்டிவ் ரோல்ல (யாரு டர்ன் மொதல்லன்னு முடிவு பண்ற உருட்டல்) டிஸ்அட்வாண்டேஜ் (ரெண்டு டைஸ் உருட்டி கொறஞ்சத எடுக்கறது) மட்டும் தான். கவுண்டர்ஸ்பெல் போட்டா 2014ல மூணாவது லெவலும் அதுக்கு கீழயும் இருக்கற ஸ்பெல் நேரா அணைஞ்சுடும், 2024ல எதிராளி கான்ஸ்டிடியூஷன் சேவ் (ஒடம்பு உறுதிய வெச்சு தப்பிக்க உருட்டற டைஸ்) போட்டு தப்பிக்கலாம். ஒருத்தனை கட்டிப்புடிச்சு நிறுத்தற கிராப்பிள்ல முன்னாடி ரெண்டு பேரும் ரோல் பண்ணி மோதுவாங்க, இப்ப மாட்டுனவன் மட்டும் சேவ் போடறான்.

டேபிள்ல ரெண்டு பேரு 2014 மனசுலயும் ரெண்டு பேரு 2024 மனசுலயும் இருந்தா நாலு பேருமே கரெக்டா தான் பேசுவாங்க, சண்டை மட்டும் முடியவே முடியாது. அதனால எது நம்ம புக்குன்னு ஒண்ண முடிவு பண்ணி வாட்ஸாப் குரூப்ல பின் பண்ணிடுங்க. காசு போட்டு புக்கு வாங்க முடியலன்னா பரவால்ல, அடிப்படை ரூல்ஸ் எல்லாம் சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமெண்ட்னு இலவச பிடிஎஃப்பா கெடைக்குது. 5.1ங்கறது 2014க்கு ஒத்து போறது, 2023 ஜனவரில கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல விட்டாங்க. 5.2ங்கறது 2024க்கு ஒத்து போறது, அது 2025ல வந்துச்சு. பிரிண்ட் கடைல தேவையான பக்கத்த மட்டும் எடுத்து ஸ்பைரல் போட்டு வெச்சுக்கோங்க, போன்ல தேடறத விட சீக்கிரம் கெடைக்கும், போன எடுத்தவன் அப்படியே மெசேஜ் பாக்க போயிடறதும் நிக்கும்.

ஸ்டெப் 1: படத்த ஒண்ணாக்குங்க

இங்க தான் நான் ரொம்ப நேரம் நிக்க போறேன், ஏன்னா பாதி பஞ்சாயத்து இங்கயே முடிஞ்சுடும்.

ஒகேனக்கல் மாதிரி ஒரு எடத்துல கதை ஓடுதுன்னு வெச்சுக்கோங்க. சுத்தி பாறை, நடுவுல பரிசல், பரிசல்ல பார்ட்டி (பிளேயருங்க கேரக்டர் கூட்டம்), எதிர பாறை மேல ஒரு பல்லி மனுஷன் ஈட்டியோட நிக்கறான். ரோக் (திருடன் வகை கேரக்டர்) பிளேயர் "நான் பரிசல்ல இருந்து தாவி அவன் பாறைல எறங்கி குத்தறேன்"ங்கறான். டிஎம் "முடியாது"ங்கறாரு. "ஏன் முடியாது, என் டெக்ஸ்டெரிட்டி (லாவகம்) 18ணா!" அவ்ளோதான், ஆரம்பிச்சுடுச்சு.

இப்ப புக்க தொடாதீங்க. டிஎம் ரெண்டு கேள்வி கேக்கணும். "நீ என்ன நடக்கணும்னு நெனைக்கற?" அப்புறம் "அந்த பாறை எவ்ளோ தூரத்துல இருக்குன்னு நெனைக்கற?" பையன் சொல்வான், "பக்கத்துல தானணா, கைய நீட்டுனா தொடற தூரம்." டிஎம் மனசுல இருந்தது பதினஞ்சு அடி. பாத்தீங்களா, இது ரூல் சண்டையா? டிஎம் தூரத்த சரியா சொல்லாததால வந்த சண்டை. பேப்பர்ல ஒரு வட்டம், ஒரு கட்டம் போட்டு, ஒரு கட்டம் அஞ்சு அடின்னு காட்டிட்டா பாதி வாய் தானா மூடிக்கும்.

தூரம் தெரிஞ்சப்புறம் தான் ரூலு. நீள தாண்டல்ல ஸ்ட்ரெங்த் (பலம்) ஸ்கோர் எவ்ளோவோ அவ்ளோ அடி தாண்டலாம், ஆனா அதுக்கு முன்னாடி பத்தடி ஓடி வரணும், நின்ன எடத்துல இருந்துன்னா அதுல பாதி. பரிசல் உள்ள பத்தடி ஓட எங்க எடம் இருக்கு? ரோக்குக்கு ஸ்ட்ரெங்த் 10ன்னா அஞ்சு அடி தான் தாண்டுவான். டெக்ஸ்டெரிட்டி 18 இருக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பதினஞ்சு அடின்னா தண்ணில தான் விழுவான்.

ஆனா இங்க டிஎம் ஒண்ணு கண்டிப்பா செய்யணும். "சரி, தாவிட்ட, தண்ணில விழுந்துட்ட"ன்னு சொல்லக்கூடாது. அந்த கேரக்டர் அங்கயே நிக்கறவன், அவன் கண்ணுக்கு தூரம் தெரியும், பிளேயருக்கு தான் தெரியல. அதனால "பதினஞ்சு அடி இருக்கு, உன்னால எட்டாதுன்னு உனக்கே தெரியுது, வேற ஏதாவது பண்றியா?"ன்னு திருப்பி குடுத்துடணும். எண்ணத்த மாத்திக்க சான்ஸ் குடுத்துட்டா எந்த தீர்ப்பும் கசக்காது. "பரிசல கிட்ட தள்ள சொல்றேன்"னு அவனே அடுத்த ஐடியா போட்டு குடுப்பான், அது முன்னாடி சொன்னத விட நல்லாவே இருக்கும்.

ஸ்டெப் 2: வரிய சத்தமா படிங்க

படம் ஒண்ணாயிடுச்சு, இன்னும் சந்தேகம் இருக்குன்னா இப்ப புக்கு. ஞாபகத்துல இருந்து பேசாதீங்க. ஸ்பெல்லுக்கு சொந்தக்காரர் முழு பத்தியையும் சத்தமா படிக்கணும், தனக்கு சாதகமான வரிய மட்டும் படிக்கற வேலை ஆகாது.

படிக்கறப்ப மூணு விஷயம் மனசுல இருக்கட்டும். ஒண்ணு, பொது ரூலும் தனி ரூலும் மோதுனா தனி ரூல் தான் ஜெயிக்கும். ரெண்டு, ஸ்பெல் என்ன சொல்லுதோ அத மட்டும் தான் செய்யும், சொல்லாதத செய்யாது. மூணு, பாதி வந்தா கீழ்ப்பக்கமா முழு எண்ணாக்கணும், ஏழுல பாதி மூணு தான்.

ரெண்டாவது தான் அதிகமா அடிபடும். ஃபயர்பால்ல 20 அடி ஆரத்துக்குள்ள இருக்கற எரியற பொருள் எல்லாம் பத்திக்கும், ஆனா யாரும் உடுத்தாத, கைல புடிக்காத பொருள் மட்டும் தான். வைக்கப்போர் எரியும், எதிரி போத்தியிருக்கற சால்வை எரியாது. "சால்வை துணி தானங்க"ன்னு கேப்பாங்க, வரிய காட்டுங்க, முடிஞ்சுது. அதே மாதிரி உலகத்துல எந்த டேபிள்ல உக்காந்தாலும் ஒரு தடவை வர்ற கேள்வி: தண்ணி உண்டாக்கற ஸ்பெல்ல எதிரியோட நுரையீரலுக்குள்ள போட்டு மூழ்கடிக்கலாமா? ஸ்பெல் சொல்றது தொறந்த பாத்திரத்துக்குள்ளன்னு. நுரையீரல் தொறந்த பாத்திரம் இல்ல. அதுவும் இல்லாம மொத லெவல் ஸ்பெல்ல ஆள கொல்லலாம்னா பெரிய ஸ்பெல் எல்லாம் எதுக்கு அச்சடிச்சு வெச்சிருக்கான்?

இதுக்கு நேர் எதிரான வம்பும் உண்டு, வரிய புடிச்சுக்கிட்டு தொங்கறது. ஒரு ரவுண்டுங்கறது ஆறு செகண்டு. பக்கத்துல இருக்கறவன்கிட்ட பொருள கைமாத்த ஆக்‌ஷன ரெடி பண்ணி வெச்சுக்கலாம். அப்ப தர்மபுரி பஸ் ஸ்டாண்ட்ல இருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் ஊர் ஜனத்த வரிசையா நிக்க வெச்சு ஒரு ஈட்டிய கைமாத்துனா ஆறு செகண்டுல அங்க போயிடும், அந்த வேகத்துல பட்டா கோட்டையே தூளாயிடும்னு ஒருத்தர் கணக்கு போடுவாரு. பதில் ரொம்ப சிம்பிள்: ரூல் பிசிக்ஸ் இல்ல. ஒரு பக்கம் ரூல புடிச்சுக்கிட்டு வந்தீங்கன்னா மறு பக்கமும் ரூல் தான், எறிஞ்ச ஈட்டிக்கு டேமேஜ் ஒரு டி6 (ஆறு பக்க டைஸ்). 2024 டன்ஜன் மாஸ்டர் கைடும் இதையே தான் சொல்லுது, ரூல நல்ல மனசோட படிக்கணும், ஓட்டை தேடக்கூடாதுன்னு.

ஸ்டெப் 3: ரெண்டு நிமிஷத்துல கெடைக்கலன்னா டிஎம் சொல்றது தான்

தேடறதுக்கு ஒரு ஆள் மட்டும் போதும். யாரு ரூல் பேசி பேசி உயிர எடுக்கறாரோ அவருக்கே அந்த வேலைய குடுங்க, அவர் தேடிட்டு இருக்கறப்ப மத்தவங்க டர்ன் ஓடட்டும். ரெண்டு நிமிஷத்துல கெடைக்கலன்னா டிஎம் ஒரு தற்காலிக தீர்ப்பு சொல்லி நகர்ந்துடணும். இதுல கூச்சப்பட ஒண்ணும் இல்ல. 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் மொத பெட்டிய வெளியிட்டப்பவே அதுல பாதிக்கு மேல ஆட்டம் நடத்தறவர் தலைல தான் விட்டிருந்தாங்க.

தற்காலிக தீர்ப்புக்கு ஆயுதம் ரெண்டே ரெண்டு தான். ஒண்ணு, ஒரு அபிலிட்டி செக் (ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி மாதிரி ஒரு திறமைய வெச்சு டைஸ் உருட்டறது): எந்த அபிலிட்டி, டிசி (எட்ட வேண்டிய எண்) எவ்ளோ. சுலபம்னா 10, நடுத்தரம் 15, கஷ்டம் 20. சந்தேகமா இருந்தா 15 போடுங்க. இன்னொண்ணு அட்வாண்டேஜ் (ரெண்டு டைஸ் உருட்டி பெருச எடுக்கறது), டிஸ்அட்வாண்டேஜ். இதுக்கு எவ்ளோ பலம்னு தெரிஞ்சு குடுக்கணும். 20 பக்க டைஸ்ல 11ஓ அதுக்கு மேலயோ வேணும்னா சாதாரணமா 50 சதவீதம், அட்வாண்டேஜ்ல 75, டிஸ்அட்வாண்டேஜ்ல 25. ஆனா 20 விழுந்தா தான் ஆச்சுங்கற நெலமைல அட்வாண்டேஜ் குடுத்தாலும் 5ல இருந்து பத்துக்கு கொஞ்சம் கம்மி, அவ்ளோதான் ஏறும். அதாவது நடுவாந்தர வேலைக்கு தான் இது பெரிய உதவி. அட்வாண்டேஜுக்கு மூணு காரணம் இருந்தாலும் எதிர் பக்கம் ஒரே ஒரு காரணம் வந்தா ரெண்டும் அடிபட்டு சாதா ரோல் தான், எண்ணி கழிக்கற வேலை எல்லாம் இல்ல.

தோத்தாலும் ஒண்ணும் ஆகாதுங்கற எடத்துல ரோலே வேண்டாம். நம்ம பக்கத்து மலைக்காட்டுல ஒரு நடுகல் நிக்குது, அதுல என்ன செதுக்கியிருக்குன்னு வீரன் ஒருத்தன் குனிஞ்சு பாக்கறான். வில்லும் கையுமா ஒருத்தன், பக்கத்துல மாடு. இதுக்கு எதுக்கு டைஸ், சொல்லிட்டு போங்க. அந்த எழுத்து எந்த ராஜா காலம்னு கேட்டா அப்ப ஹிஸ்டரி ரோல் கேளுங்க.

அப்புறம் இது முக்கியம்: தீர்ப்ப டைஸ் உருட்டறதுக்கு முன்னாடியே சொல்லிடணும். "15ஓ அதுக்கு மேலயோ வந்தா ஏறிடுவ, கீழ வந்தா சறுக்கி பத்தடி விழுவ"ன்னு வாயால சொல்லிட்டு உருட்ட சொல்லுங்க. விழுந்த டைஸுக்கு அப்புறம் வாதமே கெடையாது, யாருக்கும், டிஎம்முக்கும் சேத்து தான்.

ஒரே ஒரு விதிவிலக்கு: ஒரு கேரக்டர் சாகற நெலமைல இருந்தா ரெண்டு நிமிஷ கணக்கு செல்லாது. ஆட்டத்த நிறுத்தி பொறுமையா பக்கத்த தேடுங்க. ரெண்டு மூணு மாசம் வளத்த கேரக்டர் தப்பான ரூல்ல செத்தா அந்த ஆள் அடுத்த வாரம் வர மாட்டார். அங்க அடிக்கடி தவறற எடம் இது: கீழ மயங்கி கெடக்கறவன அஞ்சடிக்குள்ள நின்னு அடிச்சு பட்டா அது தானா கிரிட்டிக்கல் (பலமான அடி), அதனால டெத் சேவ்ல (சாகாம தப்பிக்க உருட்டறது) ஒண்ணு இல்ல, ரெண்டு ஃபெயில். சேவ்ல 10ம் அதுக்கு மேலயும் வந்தா பாஸ், 1 விழுந்தா ரெண்டு ஃபெயில், 20 விழுந்தா ஒரு ஹிட் பாயிண்டோட (உயிர் அளவு) எழுந்து உக்காந்துக்கலாம். புக்ல தேடியும் தெளிவா இல்லன்னா பிளேயர் பக்கமா தீர்ப்பு சொல்லுங்க.

ஸ்டெப் 4: எதிரிக்கும் அதே சட்டம்

"நான் அவன் கண்ணுலயே குத்தறேன், குருடாயிடுவான்ல?" அஞ்சாவது எடிஷன்ல ஒடம்புல இந்த எடம்னு குறி வெச்சு அடிக்க அடிப்படை ரூல் எதுவும் இல்ல. டிஎம் தனியா யோசிச்சு ஓகே குடுக்கலாம் தான், ஆனா அதுக்கு முன்னாடி டேபிள பாத்து ஒரு கேள்வி கேக்கணும்: "அடுத்த வாரம் நாலு கோப்ளின் உங்க கண்ணுல குத்துனா ஒத்துக்கறீங்களா?" பெரும்பாலும் சிரிச்சுட்டு கேட்டவரே வாபஸ் வாங்கிடுவார். சரின்னு எல்லாரும் சொன்னா அப்ப அது உங்க டேபிள் சட்டம், ரெண்டு பக்கமும் ஓடும். கிருஷ்ணகிரி கோட்டை மாதிரி பாறை பாறையா இருக்கற எடத்துல சண்டைன்னா கவரும் அப்படித்தான், பாதி மறைஞ்சா ஆர்மர் கிளாஸ்ல (அடி பட எதிரி எட்ட வேண்டிய எண்) +2, முக்காவாசி மறைஞ்சா +5. பார்ட்டி பாறைக்கு பின்னாடி போனப்ப குடுத்துட்டு, வில்லன் போனப்ப மறந்துட்டா (இல்ல நேர் மாறா) கத்தறதுக்கு நியாயம் இருக்கு.

யாரு பேசறாங்க, யாரு பேசல

இது எந்த ரூல் புக்லயும் இல்லாத, நம்ம ஊர் டேபிள்ல மட்டும் பெருசா இருக்கற சிக்கல். டிஎம் காலேஜ் பையன், வாதாடறவர் அவங்க அண்ணனோட ஃபிரெண்டு, பத்து வயசு மூத்தவர். பையன் எப்படி "இல்லணா, முடியாது"ம்பான்? தலைய சொறிஞ்சுட்டு "சரிணா"ன்னு விட்டுடுவான், மத்தவங்களுக்கு வயிறு எரியும். இதுக்கு நான் பாத்து ஒத்து வந்த வழி, மறுக்காம தள்ளி போடறது. "அண்ணா, இப்போதைக்கு இப்படி ஓட்டிக்கறேன், ஆட்டம் முடிஞ்சு டீ குடிக்கறப்ப புக்க பாத்துடலாம்ணா." மரியாதையும் போகல, தீர்ப்பும் நின்னுடுச்சு. மூத்தவங்க பக்கம் ஒண்ணு சொல்றேன், டேபிள்ல உக்காந்துட்டா வயசு வெளிய செருப்போட இருக்கட்டும்.

இன்னொரு பக்கம் புதுசா வந்தவங்க. தப்பான தீர்ப்பால தன் ஸ்பெல் வீணா போனாலும் "பரவால்லங்க"ன்னு சிரிச்சுட்டு உக்காந்துடுவாங்க. சத்தம் போடறவன் கேள்வியே எப்பவும் டேபிள்ல ஓடும், சத்தம் போடாத அக்காவோட கிளெரிக் (பூசாரி வகை கேரக்டர்) அட்டாக் பண்ணவே முடியாம நிப்பா. டிஎம் தீர்ப்பு சொன்ன கையோட அவங்க பக்கம் திரும்பி "உங்களுக்கு இது சரியா படுதா?"ன்னு கேக்கறது நல்ல பழக்கம்.

சில கேள்வி ரூல் கேள்வியே இல்ல, அதையும் அடையாளம் கண்டுக்கணும். "என் கேரக்டர் திருடன், அதனால பார்ட்டி பையில இருந்து பொற்காசு எடுத்துக்கறேன், ஸ்லைட் ஆஃப் ஹேண்ட் (கைவேலை) ரோல் பண்ணட்டுமா?" இதுக்கு டிசி தேடாதீங்க. கேமுக்கு வெளிய மூஞ்ச பாத்து "இது எல்லாருக்கும் ஓகேவா?"ன்னு கேளுங்க.

ஸ்டெப் 5: நோட்டுல எழுதுங்க

ஒரு லாங் சைஸ் நோட்டு போதும். தேதி, என்ன கேள்வி, என்ன தீர்ப்பு, தற்காலிகமா முடிவானதா. இப்படி:

"அருவில இருந்து தண்ணில விழுந்தா: பத்தடிக்கு ஒரு டி6, டிசி 15 அத்லெட்டிக்ஸ் இல்லன்னா அக்ரோபாட்டிக்ஸ் பாஸ் ஆனா பாதி. தற்காலிகம், பாக்கணும்."

இந்த எண்ட்ரி எதுக்கு நல்ல உதாரணம்னா, 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்ல விழற ரூல் பத்தடிக்கு ஒரு டி6, அதிகபட்சம் 20 டி6ன்னு நின்னுடும், தண்ணில விழுந்தா என்னன்னு அங்க பேச்சே இல்ல. 2024ல ரியாக்‌ஷன (நடக்கறதுக்கு ஒடனே பண்ற பதில் வேலை) செலவு பண்ணி டிசி 15 செக்ல பாஸ் ஆனா பாதி டேமேஜ்னு எழுதிட்டாங்க. அறுபது அடில இருந்து விழுந்தா 6 டி6, சராசரி 21. கொறஞ்ச லெவல் விசார்ட் (மந்திரவாதி) அதுலயே போய் சேந்துடுவான், அதனால இது சின்ன விஷயம் இல்ல. 2014 ஆடற டேபிளும் இந்த ஒரு ரூல எடுத்துக்கலாம், எடுத்துக்கிட்டா நோட்டுல "முடிவு"ன்னு மாத்திடுங்க.

வீட்டுக்கு போய் தேடறப்ப வரிசை இது தான்: மொதல்ல புக்கு, அப்புறம் இந்த கேம் கம்பெனியான விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வெளியிடற சேஜ் அட்வைஸ் கம்பெண்டியம் (ரூல் சந்தேகத்துக்கு பதில் தொகுப்பு), அதுக்கப்புறம் தான் மத்ததெல்லாம். போன்ல சும்மா தேடுனா 2014 பதிலும் 2024 பதிலும் கலந்து கட்டி வரும், எந்த வருஷம்னு பாக்காம எடுத்துட்டு வந்து நீட்டாதீங்க. அடுத்த ஆட்டம் ஆரம்பிக்கறப்ப டிஎம் ஒரு நிமிஷத்துல சொல்லிடணும், "போன வாரம் இப்படி ஓட்டுனோம், புக்ல அப்படி இருக்கு, இனிமே அப்படி." போன வார ரிசல்ட்ட திருப்பி மாத்த கூடாது, செத்த கோப்ளின் செத்தது தான்.

நோட்டோட மொத பக்கத்துல அடிக்கடி வர்றத எழுதி ஒட்டிடுங்க, திரும்ப திரும்ப கேக்க மாட்டாங்க. எதிரியோட எட்டற தூரத்த விட்டு வெளிய போனா தான் ஆப்பர்சூனிட்டி அட்டாக் (விலகி போறப்ப எதிரிக்கு கெடைக்கற ஓசி அடி), உள்ளயே சுத்துனா இல்ல, டெலிபோர்ட் ஆனாலும் தள்ளிவிடப்பட்டு போனாலும் இல்ல. ரியாக்‌ஷன் ஒரு ரவுண்டுக்கு ஒண்ணு. கான்சென்ட்ரேஷன் ஸ்பெல் (கவனம் கலையாம புடிச்சு வெக்க வேண்டியது) ஒரு நேரத்துல ஒண்ணு தான், அடி பட்டா அத காப்பாத்த போடற சேவுக்கு டிசி 10 இல்லன்னா டேமேஜ்ல பாதி, எது பெருசோ அது. அபிலிட்டி செக்லயும் சேவ்லயும் 20 விழுந்தா தானா ஜெயிச்சுட மாட்டீங்க, அட்டாக்ல மட்டும் தான் அது. ஒரே டர்ன்ல ரெண்டு ஸ்பெல்லுங்கறது 2014ல போனஸ் ஆக்‌ஷன்ல ஒண்ண போட்டா இன்னொண்ணு ஒரு ஆக்‌ஷன் ஆகற கேண்ட்ரிப்பா (எத்தன தடவை வேணா போடற சின்ன மந்திரம்) மட்டும் இருக்கணும், 2024ல டர்னுக்கு ஒரு ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போட எண்ணி வெச்சிருக்கற வாய்ப்பு). ரெடி பண்ணி வெச்ச ஸ்பெல்ல விடற சந்தர்ப்பமே வரலன்னாலும் ஸ்லாட் போனது போனது தான்.

டேபிள் சட்டம் ஒரு பக்கத்த தாண்டுனா அதுல பாதிய அடிச்சுடுங்க, யாருக்கும் ஞாபகம் இருக்காது. புதுசா ஒருத்தர் சேர்றார்னா அந்த ஒரு பக்கத்த போட்டோ எடுத்து ஆட்டத்துக்கு முன்னாடி நாளே அனுப்பி, எந்த வரி புடிக்கலன்னு கேட்டு வெச்சுக்கோங்க.